நாலு விரல் தாழ்த்திய கார்

பெரிய வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. செத்தவரை ஏசக்கூடாது என்பார்கள். நான் ஏசுவேன். இருந்தபோது முகத்துக்கு நேரே ஏச வழியில்லாமல் போயிற்று. இப்போது தடுக்க யாருமில்லை. அந்த மனிதர் என் தம்பியைக் குடிகாரன் என்று சொன்னார். அவர் சொன்னது ஒரு தடவை; ஊர் சொன்னது ஒரு வருஷம். எந்த வாயால் சொன்னாரோ அந்த வாயாலேயே "இவன் குடிக்கவில்லை" என்று நாலு பேர் முன்னால் சொல்ல வைக்காமல் விடமாட்டேன் என்று உலைக்கு முன்னால் நின்று சபதம் போட்டேன். சொல்லவும் வைத்தேன். அது எப்படி நடந்தது என்பதை என் பிள்ளைகளிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

எங்கள் கொல்லப்பட்டறை இரணியலில் ரோட்டோரம் இருந்தது. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகச் சேர்ந்த புதிது அது. அரிவாள், மண்வெட்டி, கலப்பைக் கொழு இவைதான் அன்றாட வேலை. ஆனால் என் வீட்டுக்காரருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வில்வண்டி வேலைதான். தக்கலைக்கு அந்தப் பக்கமிருந்தெல்லாம் வண்டி கொண்டுவந்து நிறுத்துவார்கள். வில் என்பது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த எஃகுப் பட்டைகள். மேலே இருப்பது நீளம். கீழே போகப்போகக் குட்டை. நடுவில் ஒரு போல்ட் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும். மேலே இருக்கும் நீளப் பட்டைக்குத் தலைப்பட்டை என்று பேர். வண்டியின் பாரம் அதன் இரண்டு முனையிலும் வளையமாகச் சுருட்டிய காதுகளில்தான் தொங்கும். மற்ற பட்டைகள் அதற்கு முட்டுக்கொடுத்துக் கிடப்பவை.

என் வீட்டுக்காரர் மீசை முளைக்கும் முன்பே சம்மட்டி பிடித்தவர். காது பாதி போய்விட்டது. இடி இடித்தால் கேட்கும், நான் ஏசினால் கேட்காது. அதனால் எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது: அடிப்பது அவர், கேட்பது நான். வில்லைக் கழற்றி, ஒவ்வொரு பட்டையாகக் கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டுவேன். சந்தையில் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே வேலைதான். நல்ல பட்டை நீளமாகப் பாடும். விரிசல் விழுந்தது 'டப்' என்று நின்றுவிடும். "என்னட்டி சொல்லுது?" என்று என் வாயைப் பார்ப்பார். "நல்லாருக்கு" என்று நான் சொன்னால்தான் அடுத்த பட்டையைத் தூக்குவார். என் வார்த்தையை அவர் ஒருநாளும் மறுபடி சோதித்ததில்லை.

பெரிய வீடு எங்களுக்குக் கிழக்கே ஒரு மைல். வயலும் தோப்புமாக ஏகப்பட்ட சொத்து. அந்த வீட்டுக்காரர் ஒரு கறுப்புக் கார் வாங்கினார். திருவனந்தபுரத்தில் யாரோ வைத்திருந்து கைமாறியது. லாரி ஓட்டிப் பழகி, லைசென்ஸ் எடுத்து, சும்மா இருந்த என் தம்பியை டிரைவராகக் கூப்பிட்டார். தம்பிக்கு அப்போது இருபத்தாறு வயது. எங்கள் குடும்பத்தில் இரும்பை அடிக்காமல் இரும்பை ஓட்டியவன் அவன் ஒருவன்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா அப்பா இல்லாத பிள்ளை, என் கையில் வளர்ந்தவன். சிதறால் பக்கம் பெண் பார்த்து நிச்சயமும் செய்து வைத்திருந்தேன்.

கார் வந்த முதல் நாளே பெரிய வீட்டில் சிக்கல். அந்த வீட்டுக்கு முன்னால் ஓடு போட்ட படிப்புரை உண்டு. அதன் வாசலைத் தாண்டித்தான் முற்றத்துக்குப் போகவேண்டும். அகலம் போதும், மாட்டுவண்டி போகிற வாசல்தான். உயரம் போதவில்லை. காரின் கூரை உத்தரத்தில் நாலு விரல் இடித்தது. ரோட்டில் நிறுத்தினால் என்ன? கூடாது. நாகர்கோவிலில் அவருடைய சம்பந்தி வீட்டில் கார் முற்றத்தில் நிற்கிறதாம். உத்தரத்தைத் தூக்கி வைத்தால் என்ன? அதுவும் கூடாது. தச்சர் வந்து கோல் வைத்து அளந்து, உத்தரத்தைத் தொட்டால் குடும்பத் தலைவனுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். தச்சர் சொல்லை மீறுகிற தைரியம் அவருக்கு இல்லை. கொல்லன் சொல்லை மீறுகிற தைரியம் மட்டும் நிறைய இருந்தது.

கொஞ்ச நாள் தம்பி ஒரு கூத்து நடத்தினான். சாயங்காலம் நாலு டயரிலும் காற்றை இறக்கிவிட்டு வண்டியை உள்ளே தள்ளுவான். காலையில் அதே மாதிரி வெளியே தள்ளி, கைப்பம்பால் நாலுக்கும் காற்று அடிப்பான். பெரிய வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று, "லேசா உரசுது பாரு, இன்னும் கொஞ்சம் இறக்கு" என்று அதிகாரம் செய்வார். சுற்றிலும் ஆள் கூடிச் சிரித்ததும் மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. டயரை இறக்குவதற்குப் பதில் காரையே நிரந்தரமாக இறக்கிவிட்டால் என்ன என்று யோசனை போயிற்று. நாகர்கோவில் ஒர்க்ஷாப்பில் மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். நேராக எங்களிடம் வந்தார்.

"வில்வண்டி வில்லுக்குத் தட்டுறவன் இதுக்குத் தட்டமாட்டானா? ஒவ்வொரு வில்லுலேயும் ரண்டு பட்டைய உருவிரு. மிச்சத்த வளைவு நிமித்து. நாலு விரலு இறங்கணும், அவ்வளவுதான்" என்றார்.

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "ஐயா, வளைவு நிமித்தித் தாறேன், அதுல குத்தமில்ல. பட்டைய உருவாண்டாம். தலப்பட்ட ஒத்தையில பாரம் சுமக்காது. குழியில விழுந்தா அச்சு மேல வந்து இடிக்கும். இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு முறியும்."

"நான் ஒங்கிட்ட ஆலோசனை கேக்க வரல்ல ஆசாரி. வேல சொல்ல வந்தேன்."

பெரிய வீட்டு வயல்காரர்கள் அத்தனை பேருடைய அரிவாளும் மண்வெட்டியும் எங்கள் பட்டறைக்குத்தான் வந்துகொண்டிருந்தன. அவர் ஒரு வார்த்தை சொன்னால் அத்தனையும் வேறு பட்டறைக்குப் போய்விடும். என் வீட்டுக்காரர் செய்தார். உலையில் காய்ச்சினால் எஃகின் வீரியம் போய்விடும் என்று, சூடே காட்டாமல் பட்டடைக் கல்லில் வைத்து அடி அடியாக நிமிர்த்தினார். நாலு நாள் வேலை. அந்த வேலையில் ஒரு குறையும் கிடையாது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். கார் தவளை மாதிரி தரையோடு படுத்துக்கொண்டு படிப்புரைக்குள் நுழைந்தது. பெரிய வீட்டுக்காரர் முற்றத்தில் நின்று மீசையைத் தடவினாராம்.

இரண்டு மூன்று மாதத்தில் தம்பி புலம்ப ஆரம்பித்தான். "குழியில விழுந்தா இடுப்பு உடையுது அக்கா. அச்சு போய் மேல இடிக்கிற சத்தம் மண்டைக்குள்ள கேக்கு." பிறகு, வண்டி இடது பக்கமாக இழுக்கிறது என்றான். ஸ்டியரிங்கை வலப்பக்கம் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் நேரே போகிறதாம். முன்பக்கத்து இடது டயர் ஓரமாகத் தேய்கிறது என்றான். சமதரையில் வண்டியை நிறுத்தி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் விரல் வைத்துப் பார்த்தானாம். இடது பக்கம் வலதைவிட ஒன்றரை விரல் இறங்கியிருந்தது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. பெரிய வீட்டுக்காரர் எப்போதும் முன்னால்தான் உட்காருவார், டிரைவருக்கு இடப்பக்கம். பின்னால் உட்கார்ந்தால் ரோட்டில் போகிறவர்களுக்கு முகம் தெரியாதே. அந்தச் சரீரத்தின் பாரம் முழுக்க இடது முன்வில்லில் இறங்கிக்கொண்டிருந்தது.

"வில்லக் கழட்டிக் கொண்டா மக்கா, தட்டிப் பாக்கேன்" என்றேன். அவன் அவரிடம் கேட்டான். "வண்டியில குத்தமில்லலே, ஒனக்கு ஓட்டத் தெரியல்ல" என்று பதில் வந்தது.

அறுப்பு முடிந்த சமயம், பட்டப்பகலில், கால்வாய்க்கரை ரோட்டில் அந்த இடது தலைப்பட்டை முன்பக்கத்துக் காதை ஒட்டி முறிந்தது. அச்சு பின்னால் நகர்ந்துவிட்டது. எந்த டிரைவராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. கார் இடப்பக்கம் திரும்பி நேரே கால்வாய்க்குள் இறங்கிற்று. பெரிய ஆபத்தில்லை. தம்பிக்கு நெற்றியில் காயம். பெரிய வீட்டுக்காரருக்குத் தோள் எலும்பு பிசகி, தலை முதல் கால் வரை சேறு. களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து தூக்கிவிட்டிருக்கிறார்கள். தூக்கும்போது யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் என் தம்பிக்கு வினையாயிற்று.

கரையில் உட்கார்ந்த உடனே அவர் சொன்ன முதல் வார்த்தை: "கள்ளக் குடிச்சிட்டு ஓட்டுகான், சவம்."

காரைத் தாழ்த்தச் சொன்னது தான்தான், வில்லைக் கழற்றிப் பார்க்காதே என்றதும் தான்தான் என்று ஒத்துக்கொண்டால் ஊர் இன்னும் சிரிக்கும். அதற்கு ஒரு டிரைவரைக் காவு கொடுப்பது அவருக்குப் பெரிய காரியமா? இன்ஸ்பெக்டர் அவர் வீட்டில் சாப்பிடுகிறவர். தம்பியின் லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள். காலையில் நான் ஊற்றிக் கொடுத்த பழையகஞ்சியைத் தவிர அவன் வயிற்றில் ஒன்றும் கிடையாது. அதைச் சொல்லக்கூட யாரும் அவனை வாய் திறக்க விடவில்லை. பதினைந்து நாளில் சிதறாலிலிருந்து ஆள் வந்து, பெண் கொடுப்பதற்கில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பி எங்கள் வீட்டின் பின்னறையில் கிடந்தான். வெளியே வருவதில்லை. அரிவாள் தீட்ட வருகிறவர்கள் பட்டறையில் நின்றுகொண்டு, "மாப்பிள்ளைக்கு இன்னைக்கு அந்திக்கள்ளா, காலைக்கள்ளா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். துருத்தியை ஊதிக்கொண்டே நான் பல்லைக் கடிப்பேன். பெரிய வீட்டுக்காரர் உடம்பு அழுகிச் சாகவேண்டும், அவர் கட்டில் காலொடிந்து விழவேண்டும், சோற்றில் கல் கிடக்கவேண்டும் என்று பெரிசும் சிறிசுமாகத் தினம் ஒரு சாபம் கொடுப்பேன். என் வீட்டுக்காரர், "சவத்த விட்டுத் தள்ளுட்டி" என்பார். எப்படி விடுவது? என் தம்பி பகலில் முகம் காட்டப் பயந்து கிடக்கிறான்.

ஒரு வருஷம் கிட்டத்தட்ட அந்தக் கார் ஓடாமல் கிடந்தது. மாசி மாதம், பெண்கள் இருமுடி கட்டிப் போகிற மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழா நெருங்கியபோது பெரிய வீட்டம்மாவுக்குத் தலைவலி தாங்காமல், தலைநோவு தீர அம்மனுக்கு வைக்கிற மண்டையப்பம் படைப்பதாக நேர்ந்துகொண்டார்கள். கார் ஓடியாகவேண்டும். நாலு வில்லையும் கழற்றி மாட்டுவண்டியில் போட்டு எங்கள் பட்டறைக்கே அனுப்பினார். வெட்கம் கிடையாது பாருங்கள்.

முறிந்த தலைப்பட்டையை நான் கையில் எடுத்தேன். முறிந்த இடத்தின் வாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வாயில் பாதி கறுத்து, உள்ளேயே துரு ஏறி, தேய்ந்து மழுங்கியிருந்தது. மறுபாதி புதுசாக, மணல் மணலாக இருந்தது. என்ன அர்த்தம்? பட்டை ஒரேயடியாக முறியவில்லை. வெகுநாள் முன்பே பாதி விரிந்து, தண்ணீர் இறங்கித் துருப்பிடித்து, கடைசியில் மிச்சப் பாதி ஒரு நாள் விட்டுப்போயிருக்கிறது. கால்வாயில் விழுந்ததால் பட்டை முறியவில்லை. பட்டை முறிந்ததால்தான் கால்வாயில் விழுந்தது. இரும்பு தெரிந்தவன் எவனும் இதை மறுக்க முடியாது.

என் வீட்டுக்காரர் போகாதே என்றார். நான் காதோடு முறிந்த சின்ன இரும்புத் துண்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு பெரிய வீட்டுக்குப் போனேன். அவர் தன் வீட்டுக் குளத்துப் படியில் குளிப்பதற்கு எண்ணெய் தேய்த்து உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, இதப் பாருங்கோ. இது பழைய விரிசல். வண்டி இடது பக்கம் இழுக்குதுன்னு தம்பி ஒங்ககிட்ட சொன்னானே, அண்ணைக்கே இது பாதி போயாச்சு. இன்ஸ்பெக்டர்ட்ட ஒரு வார்த்த சொல்லுங்கோ. அவன் குடிக்கல்ல."

அவர் இரும்புத் துண்டை வாங்கிப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது ஒரு கணம் முகத்தில் தெரிந்தது. புரிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் இன்றுவரை ஆறவில்லை. புரியாமல் செய்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேனோ என்னவோ.

"இரும்பு வந்து சாட்சி சொல்லுமாட்டி?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத் துண்டைக் குளத்தின் நடுவில் வீசினார். "போ. போய் வில்லச் செரியாக்கு. கொடைக்கு வண்டி போகணும்."

திரும்பி நடந்து வந்த அந்த ஒரு மைலும் எனக்கு ஞாபகமில்லை. பட்டறையில் வந்து உட்கார்ந்து மற்ற மூன்று வில்லையும் பிரித்தேன். என் வீட்டுக்காரர் முறிந்ததற்குப் பதிலாகப் புதுத் தலைப்பட்டை அடித்துக்கொண்டிருந்தார். பின்பக்கத்து இரண்டும் பாடின. முன்பக்கத்து வலது தலைப்பட்டையைத் தொங்கவிட்டுத் தட்டினேன். 'டப்.' மறுபடி தட்டினேன். அதே சத்தம்தான். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, காய்ந்ததும் சுண்ணாம்புப் பொடி தூவி, பின்புறம் மெல்லத் தட்டினேன். நடுப்போல்ட் துளையை ஒட்டி, மயிரிழை போல, எண்ணெய்க் கோடு ஒன்று வெள்ளையில் ஊறி வந்தது. இரண்டு மாதம் தாங்கலாம். இரண்டு நாளும் தாங்கலாம். அந்தச் சரீரத்தோடு ஒரு பெருங்குழியில் விழுந்தால் தாங்காது.

சுண்ணாம்பைத் துடைத்தேன். கிரீஸ் தடவினேன்.

"என்னட்டி, தட்டிப் பாத்தியா?" என்று வீட்டுக்காரர் அங்கிருந்து கத்தினார்.

"பாத்தேன். எல்லாம் நல்லாருக்கு."

சொன்னேன். அந்த வீட்டம்மாவும் மகளும் காரில் இருப்பார்கள் என்பது எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. வந்தும் வாயை மூடிக்கொண்டேன். இந்தத் தடவை என் தம்பி ஓட்டமாட்டான், குடிகாரன் என்று சொல்ல ஆள் கிடைக்காது, கார் தானாக முறிகிறது என்பதை ஊரே பார்க்கட்டும் என்று நினைத்தேன். அவர் எலும்பு முறிந்து கிடக்கவேண்டும், நான் போய்ப் பார்த்து, "ஐயா, யாரு குடிச்சா?" என்று கேட்கவேண்டும். அதைக் கேட்பது போல நாலு நாள் மனசுக்குள் கேட்டுக் கேட்டுச் சுவைத்தேன்.

வில்களைக் கொண்டுபோய் நாகர்கோவில் மெக்கானிக் ஒருவர் மாட்டினார். அடுக்கிக் கட்டிய பிறகு அந்த விரிசல் நடுப்போல்ட் கட்டுக்கு அடியில் மறைந்துபோயிற்று.

கொடை நாளன்று விடிந்ததும் தம்பி குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "கோயிலுக்குப் போறேன் அக்கா" என்றான். ஒரு வருஷத்துக்குப் பிறகு வெளியே கிளம்புகிறானே என்று சந்தோஷப்பட்டு, எதுவும் கேட்கவில்லை. பட்டறைக்கு முன்னால் ரோடு நிறையச் சனம். இருமுடியும் பொங்கல் பானையுமாகப் பெண்கள் கூட்டம் கூட்டமாக மண்டைக்காட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஹாரன் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். கறுப்புக் கார் வந்துகொண்டிருந்தது. இடது பக்கம் அவர். பின்னால் அம்மாவும் மகளும். ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக, என் தம்பி.

பிறகுதான் தெரிந்தது. டிரைவர் அகப்படாமல், இவனுக்கு ரகசியமாக ஆள் அனுப்பியிருக்கிறார். "கொடைக்கு மட்டும் ஓட்டு, லைசென்ஸுக்கு நான் சொல்லுகேன்" என்றாராம். இவனும் என்னிடம் சொன்னால் விடமாட்டேன் என்று மறைத்துவிட்டான்.

எங்கள் பட்டறையைத் தாண்டினால் இறக்கம். இறக்கத்தின் அடியில் குளம். குளக்கரையில் ரோடு வளைகிறது. நான் ஓடிப்போய் நடுரோட்டில் நின்றேன். பம்பர் என் முட்டியில் தொட்டு நின்றது.

"வழிய விட்டு மாறு அக்கா, ஐயா இருக்காரு" என்றான் தம்பி, கூசிக்கொண்டு.

"எறங்குலே. வண்டிய எடுக்காத."

"என்னட்டி, வழிமறிச்சு நிக்க?" என்று அவர் தலையை வெளியே நீட்டினார்.

"வலது பக்கத்துத் தலப்பட்ட விரிஞ்சு கெடக்கு. எறக்கத்துல முறியும்."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"தட்டிப் பாத்தேன்."

"எப்போ?"

நடந்து போனவர்கள் நின்றுவிட்டார்கள். பெண்கள் பானையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கேட்டார்கள். பொய் சொல்ல அப்போதும் இடம் இருந்தது; என் நாக்கில் வரவில்லை. "நாலு நாளைக்கு முன்னால" என்றேன்.

சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்காரர் ஓடிவந்திருந்தார். என் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிறவர் அவர். "நல்லாருக்குன்னு சொன்னியேட்டி?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. விலை கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டார்.

பெரிய வீட்டுக்காரர் மெதுவாக இறங்கினார். அவர் கத்துவார், கையை ஓங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"எல்லாரும் கேட்டேளா? தெரிஞ்சே மாட்டி அனுப்பியிருக்கா. அப்போ போன வருஷம் நான் கால்வாய்ல விழுந்தது யாரு வேல? இந்தக் கொல்லப்பட்டறை வேல. பாவம், இந்தப் பய குடிக்கல்ல. நாந்தான் தப்பா நெனச்சு இவன் மேல பழியப் போட்டுட்டேன்." தம்பியின் தோளில் கையை வைத்தார். "நீ குடிக்கல்லடே. எனக்கு இப்பந்தான் புரிஞ்சுது."

ஒரு வருஷமாக நான் ஏங்கிய வார்த்தைகள் அத்தனையும் ஒன்று விடாமல் அவர் வாயிலிருந்து வந்தன. நாலு பேர் முன்னால் அல்ல, நூறு பேர் முன்னால். "அது ரண்டு பட்டைய உருவினதுனால முறிஞ்சது, நான் அண்ணைக்கே சொன்னேன்லா" என்று என் வீட்டுக்காரர் கத்திக்கொண்டிருந்தார். யார் காதிலும் ஏறவில்லை. முறிந்த பட்டையின் நீளத் துண்டு அதற்குள் உலையில் மண்வெட்டியாகிவிட்டது; காட்டுவதற்கு இருந்த சின்னத் துண்டு பெரிய வீட்டுக் குளத்துச் சேற்றுக்குள் கிடந்தது. நான் தம்பியைப் பார்த்தேன். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்காக இல்லை. தன் பேர் தனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது என்று, நடுரோட்டில் நின்று அழுதான்.

சொன்னபடியே அவர் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். ஒரு மாதத்தில் லைசென்ஸ் கைக்கு வந்தது. தம்பி துணிமணிகளை எடுத்துக்கொண்டு பெரிய வீட்டுப் பக்கத்திலேயே குடியிருக்கப் போனான். படிப்புரை உத்தரம் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு கார் வாசலுக்கு வெளியே ரோட்டிலேயே நின்றது. வில்லெல்லாம் நாகர்கோவிலில் பழைய உயரத்துக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் பட்டறைக்கு வில்வண்டி வருவது நின்றுபோயிற்று. அரிவாள்கூடப் பாதிதான் வந்தது. என் வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தட்டிப் பார்க்க என்னைக் கூப்பிடவும் இல்லை. பட்டையின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, தானே தட்டி, தாடையில் அதிர்வது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டார். நான் துருத்தி மட்டும் ஊதினேன்.

ஆவணியில் தம்பி வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தான். சிதறால்காரர்களே திரும்ப வந்து பெண் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்களாம். உள்ளே வா என்றேன். நேரமில்லை என்று வாசலிலேயே நின்றான்.

"ஒண்ணு கேக்கட்டா அக்கா? மொதத் தடவ இடது பட்ட முறிஞ்சுதே... அதும் ஒனக்கு முன்னாலயே தெரியுமா?"

"இல்லலே மக்கா. நீ இருக்க வண்டியில நான் அப்பிடிச் செய்வேனா?"

"செரி" என்றான். தட்டை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினான். ரோட்டுக்குப் போனவன் திரும்பி வந்தான்.

"கல்யாணத்துக்குக் கட்டாயம் வரணும் அக்கா. தாலிக்கு மூணாவது முடிச்சு மட்டும் சித்தப்பா மக போடட்டும். எல்லாரும் அதான் நல்லதுன்னு சொல்லுகாவ."

அந்த முடிச்சைப் போடவேண்டிய, கூடப் பிறந்த அக்கா நான் இருக்கிறேன். போனேன். பெரிய வீட்டுக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டார். நான் பின்னால் நின்று பார்த்தேன்.